விசில் வராத குக்கர்

இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு மாதம் தாண்டியிருக்கும். ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு டெய்லரம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டு, "அக்கா, நீங்க எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள். நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே" என்றேன்.

அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடக் கடவுளே! ஆள் இருக்கிற அரவமே இல்லையேக்கா. வீடு பூட்டித்தான் கிடக்குதுன்னு நினைச்சேன். நேத்துகூட எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், பாவம், இவ்ளோ ஆசையா கட்டிட்டு வராமலே இருக்காங்களேன்னு."

சிரித்துவைத்தேன். சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சத்தமில்லாமல் குடித்தனம் நடத்துவது லேசுப்பட்ட காரியமல்ல. நான் பாத்திரம் கழுவினால் ஒன்றோடு ஒன்று உரசாது. கதவைச் சாத்தும்போது கைப்பிடியை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு, சாத்தியபின் மெல்ல விடுவேன். வாளியில் தண்ணீர் பிடித்தால் உள்ளே ஒரு பழந்துணியைத் தொங்கவிட்டு அதன்மேல் விழவைப்பேன். வீட்டுக்குள் செருப்பு கிடையாது. தும்மல் வந்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குளியலறைக்கு ஓடுவேன். என் குக்கருக்கு விசில் வந்து எவ்வளவோ காலமாகிறது. விசில் வருவதற்கு முன் லேசாக ஒரு சீறல் கிளம்பும். அந்த நொடியில் அடுப்பைக் குறைக்க வேண்டும். அதனால் குக்கரை ஏற்றிவிட்டு நான் அந்த இடத்தைவிட்டு நகர்ந்ததே இல்லை.

இத்தனையும் எதற்கு? என் வீட்டுக்காரர் தூங்க வேண்டும், அதற்கு.

வெளிநாட்டில் இருந்த காலம் முழுக்க அவருக்கு நைட் ஷிஃப்ட்தான். கண்ணாடி பாட்டில்களில் பானம் நிரப்பும் ஆலை. ஊரே படுக்கப் போகும் நேரத்தில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவார். ஊர் எழுந்து பல் தேய்க்கும்போது கண் சிவந்து வந்து சேருவார். பகல் முழுக்கத் தூக்கம். சாயங்காலம் எழுந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் கிளம்பிவிடுவார். அந்தச் சாயங்காலப் பொழுதில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோமே, அதுதான் எங்கள் தாம்பத்தியம். அதிலும் அவர் பேசுவார், நான் கேட்பேன். நான் ஏதாவது சொன்னால் பாதிக்குத் தலையாட்டுவார், பாதிக்கு உம்மென்று இருப்பார். களைப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டே அறை, மாடியில். மரப்பலகை போட்ட தரை. அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கட்டில். போன புதிதில் அவர் போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல. கரண்டி விழுந்தால் எழுந்து வந்துவிடுவார். "மனுஷன் தூங்க வேணாமா? ராத்திரி முழுக்க மெஷினோட மல்லுக்கட்டிட்டு வர்றேன், இந்த வீட்ல ஒரு பொட்டு நிம்மதி உண்டா?" ஒரு நாள் குக்கர் விசிலடித்ததும் எழுந்து வந்தவர், அந்த வெயிட்டைப் பிடுங்கி ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்துவிட்டார். கை சுட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. நான் இறங்கிப் போய், நிறுத்தியிருந்த வண்டிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து தேடி எடுத்து வந்தேன். அன்றோடு விசில் போச்சு.

கல்யாணத்துக்கு முன் நான் தையல் படித்தவள். அங்கே கையில் தொழில் இருந்தும் மெஷின் வாங்கவில்லை. தையல் மெஷின் கடகடக்கும், இஸ்திரிப் பெட்டி கடகடக்காது. அதனால் ஒரு சலவைக்காரரிடம் சட்டைகளை வாங்கி வந்து வீட்டிலேயே இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். வாய் திறக்காத பெண்ணுக்கு வாய் திறக்காத வேலை.

போகப்போக அவர் கூச்சல் குறைந்தது. பிறகு நின்றே போனது. நாங்கள் தேறிவிட்டோம் என்று நினைத்தேன். எப்போதாவது மகள் கட்டிலிலிருந்து பொத்தென்று குதித்தால் மட்டும் அறைக் கதவு திறக்கும். "என்ன சத்தம்?" என்று ஒரு முகம் எட்டிப்பார்க்கும். அவ்வளவுதான், நானும் மகளும் கல்லாய்ச் சமைந்துவிடுவோம். ஒரு தடவை அலமாரித் தட்டு பிடிவிட்டு, எவர்சில்வர் தட்டெல்லாம் மொத்தமாக அடுப்பு மேடைமேல் சரிந்து விழுந்தன. அடுத்த தெருவுக்கே கேட்டிருக்கும். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அறைக் கதவு அசையவில்லை. இன்றைக்கு நம்ம ஜாதகம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினேன். மரமண்டை! அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

எங்களுக்கு ஒரே மகள். பிறந்தபோது ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். நர்ஸ் சிரித்துக்கொண்டே, "இவ பெரிய மேடைப் பேச்சாளியா வருவா" என்றாள். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த வாயை மூடுவதுதான் என் முழுநேர வேலை. நடக்கத் தெரிவதற்கு முன்பே என் பிள்ளைக்குச் சத்தமில்லாமல் அழத் தெரிந்துவிட்டது. கண்ணில் பொலபொலவென்று கொட்டும், உதடு ஒட்டியே இருக்கும். பொம்மையோடு விளையாடினாலும் பொம்மையின் காதில்தான் பேசுவாள்.

அவளுக்கு டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. தலையணைகளை வரிசையாக உட்காரவைத்துப் பாடம் எடுப்பாள், வாயை மட்டும் அசைத்து. அதற்கே படித்தாள், நல்ல மார்க்கும் வாங்கினாள். ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பெடுத்துக் காட்டச் சொன்னார்கள். கடைசி பெஞ்சில் இருந்த பிள்ளைகள், "கேக்கல, கேக்கல" என்று கத்தினார்களாம். இன்னும் இரண்டு பள்ளியிலும் அதே கதை. அப்புறம் அவள் விட்டுவிட்டாள். இப்போது அந்த நாட்டிலேயே ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டிகளைச் சரிபார்க்கிற வேலை. பெரிய அறையில் தனி ஆள். நல்ல வேலைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவள் ஆசைப்பட்டது அதற்கல்ல. சாப்பாட்டு இடைவேளையில் தினமும் எனக்கு போன் பண்ணுவாள். எடுத்ததும் முதல் கேள்வி, "அப்பா தூங்குறாரா?"

"ஊர்ல நமக்குன்னு ஒரு வீட்டைக் கட்டிக்கிட்டுப் போயிடுவோம். அப்புறம் நீ தாம்தூம்னு சத்தம் போட்டுக்க, யாரு வேணாங்குறா?" இதை அவர் எத்தனையோ சாயங்காலம் சொல்லியிருக்கிறார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் அதை முடிந்து வைத்துக்கொண்டேன். எனக்கு நகை வேண்டாம், கார் வேண்டாம். என் வீட்டில் நான் ஒரு பாத்திரத்தை டங்கென்று வைக்க வேண்டும், ஒரு மெஷின் வாங்கிப் போட்டு ஜன்னலோரம் கடகடவென்று தைக்க வேண்டும். அவ்வளவுதான் என் பேராசை.

வீடு கட்டினோம். மேஸ்திரிக்கு போனில் மெசேஜ் அனுப்பி அனுப்பியே எல்லாம் முடித்தார். படுக்கையறை வீட்டின் நட்டநடுவில், வெளிச்சம் புகாதபடி ஜன்னலே இல்லாமல். ஜன்னல் இல்லாத அறையா என்று மேஸ்திரி திரும்பத் திரும்பக் கேட்டானாம். எனக்காகச் சமையலறையில் தெருவைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல் வைத்தார்கள். ஆனால் சமையலறையும் படுக்கையறையும் ஒரே சுவர். பழைய வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தாற்போல் இருந்தது.

குடிவந்த பிறகும் அவர் பகலில்தான் தூங்கினார். ராத்திரி ஹாலில் உட்கார்ந்து டிவி பார்ப்பார், சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு. நான் தூங்குகிறேன் என்றுதான் இப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு நெஞ்சு உருகிப்போயிற்று. இந்த மனுஷனுக்குள்ளும் இவ்வளவு கரிசனமா என்று மகளிடம்கூடச் சொன்னேன். நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

ஒரு சாயங்காலம் சாப்பிடும்போது கேட்டேன். "ஏங்க, இனிமே என்ன ஷிஃப்ட் இருக்கு? எல்லாரையும் போல ராத்திரி தூங்கிப் பழகலாமே."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உடம்பு கேக்க மாட்டேங்குதே" என்றார். "இத்தனை வருஷப் பழக்கம், பொட்டுன்னு போயிடுமா? கொஞ்ச நாள் பொறுத்துக்க."

பொறுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதானே. மிக்சியைத் தூக்கிக்கொண்டு டெய்லரம்மா வீட்டுக்குப் போய் அரைத்து வந்தேன். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "சொந்த வீட்டைக் கட்டிவச்சிட்டு, மிக்சியை இடுப்புல தூக்கிட்டு அலையுறீங்களே! உங்க வீட்டுக்காரர் என்ன கைக்குழந்தையா?" என்று கேட்டுவிட்டு, தைத்துக்கொண்டிருந்த மெஷினைத் தட்டிக் காட்டினாள். "எங்கிட்ட துணி மலையா குவிஞ்சு கிடக்கு. நீங்க தையல் படிச்சவங்கதானே, ஒரு மெஷின் வாங்கிப் போடுங்க. பாதியை உங்ககிட்ட தள்ளிடுறேன்."

"அவர் தூங்கணுமே" என்றேன்.

"நல்லாத் தூங்கட்டும், யாரு வேணாங்குறது? தூங்குற ஆளுக்குப் பக்கத்துல நானெல்லாம் ஒரு கல்யாணத்துக்கே தச்சுத் தள்ளுவேன்." அவளுக்கு வாய் பெரிது. பொறாமையாக இருந்தது.

பிறகுதான் அந்தக் கார் விவகாரம் வந்தது. எங்கள் வாசலுக்கு நேராக யாரோ ஒரு காரை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். உச்சி வெயிலில் அது திடீரென்று அலற ஆரம்பித்தது. திருடன் தொட்டால் கத்துமே, அந்தச் சத்தம். கொய்ங் கொய்ங் என்று தெருவே அதிர்ந்தது. ஒரு நிமிஷம் அடங்கும், அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறுபடியும் ஆரம்பிக்கும். தலையைக்கூட வாராமல் தெருவுக்கு ஓடினேன். எதிர்க்கடையில் கேட்டேன், மாடி வீட்டில் கேட்டேன், போகிறவர் வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "இது உங்க வண்டியா? எங்க வீட்ல ஒருத்தர் தூங்குறாருங்க" என்று கெஞ்சினேன். ஒரு பையன் சிரித்துவிட்டுப் போனான். கடைசியில் பல் டாக்டரிடம் வந்த ஒரு ஆள், பாதி வாய் மரத்துப்போய்க் கோணலாக நடந்து வந்து வண்டியை எடுத்தான். அவனைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

திட்டு வாங்கத் தயாராக உள்ளே போனேன். அறைக் கதவை மெல்லத் திறந்தேன். அவர் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஏதோ ஒன்று அப்போதுதான் எனக்குள் தட்டியது. வாசலில் நின்றபடியே, "ஏங்க" என்றேன். அசைவில்லை. கொஞ்சம் உரக்க, "ஏங்க!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது, தொண்டை கரகரத்தது. ஒன்றுமில்லை. சமையலறைக்குப் போய்ப் பெரிய எவர்சில்வர் மூடியையும் கரண்டியையும் எடுத்து வந்தேன். அவர் தலைமாட்டில் நின்று ஒரு தட்டுத் தட்டினேன். அப்புறம் ஓங்கி ஓங்கித் தட்டினேன். காது வலித்தது எனக்கு. அவர் வாயோரம் ஒரு குமிழி வந்து உடைந்தது, குறட்டை ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. கை ஓய்ந்து மூடியைக் கீழே இறக்கும்போது என் முழங்கால் கட்டிலில் இடித்துவிட்டது. கட்டில் லேசாக ஆடியது.

சட்டென்று கண்ணைத் திறந்தார். புருவத்தை நெரித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன சத்தம்?" என்றார்.

பேய் அறைந்தவள் மாதிரி நின்றேன். கால் வைத்தாலே அதிர்கிற அந்த மரப்பலகைத் தரை ஞாபகம் வந்தது. மகள் குதித்தது ஞாபகம் வந்தது. சரிந்து விழுந்த தட்டுகள் ஞாபகம் வந்தது.

காது டாக்டரிடம் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். வராவிட்டால் உலை வைக்க மாட்டேன் என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து அவர் பார்த்ததில்லை, சட்டை மாட்டிக்கொண்டார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்குங்கள் என்று சைகை காட்டினார்கள். டாக்டர் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார். இவர் அமுக்குவதை விட்டுவிட்டு, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டித் திரைக்குப் பின்னால் பார்க்க முயன்றார். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவனின் முழி. எனக்கு அப்போது புரியவில்லை.

டாக்டர் சின்னப் பெண். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆலை சத்தத்துல போன காதும்மா. இன்னைக்கு நேத்து போனதில்ல, இருபது வருஷத்துக்கு மேல இருக்கும்" என்றாள். "எதிர்ல நின்னு பேசினா உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவார். முதுகுப் பக்கம் இடி விழுந்தாலும் தெரியாது. நீங்க கவனிக்கவே இல்லையா?"

கவனித்திருக்கலாம். கவனிக்க ஒரு நாளில் எவ்வளவு நேரம் இருந்தது எங்களுக்கு? எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற நேரம்தானே. அதுவும் எதிரே.

"அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டேன்.

டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "தன் காது கேக்கலைன்னு தனக்குத் தெரியாம இருக்குமாம்மா?"

வீட்டுக்கு வந்து சமையலறை மேஜையில் அவரை எதிரே உட்காரவைத்தேன். உதடு தெரிய, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன். "ஏன் சொல்லல?"

முதலில் ஆலையைச் சொன்னார். வருஷத்துக்கு ஒரு தடவை காது சோதிக்க ஒரு நர்ஸ் வருவாளாம். காது போனது தெரிந்தால் மெஷினை விட்டு எடுத்துவிடுவார்கள், பெருக்குகிற வேலைக்குத் தள்ளிவிடுவார்கள். "அந்த நர்ஸ் பொத்தானை அமுக்கும்போது தோள் லேசா அசையும். தோளைப் பார்த்து நான் கையைத் தூக்குவேன். ஒரு தடவைகூட மாட்டல" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சாமர்த்தியச் சிரிப்பு வேறு.

"அது கம்பெனிக்கு. எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் மேஜையைத் துடைத்தார், கையாலேயே, இல்லாத தூசியை. நான் விடவில்லை. மேஜையைத் தட்டி நிமிரவைத்தேன்.

"அங்க என்னைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல, தெரியுமா?" என்றார். "மூணாவது லைன்ல நிக்கிறவன், அவ்ளோதான். 'ஏய் மூணு'ன்னு சூப்பர்வைசர் விசிலடிப்பான். நாயைக் கூப்பிடுற மாதிரி. காது கேக்குற வரைக்கும் அதைக் கேட்டேன், அப்புறம் அதுவும் கேக்கல. காலையில வீட்டுக்கு வந்தா நீங்க ரெண்டு பேரும் நுனிக்கால்ல நடப்பீங்க. நான் கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருப்பேன். சில நாள் தூக்கம் வராது, கதவிடுக்குல பார்ப்பேன். அந்தச் சின்னது வாயைப் பொத்திக்கிட்டுப் போகும். நீ குக்கர்கிட்ட காவலுக்கு நிப்ப. எனக்காக ஒரு வீடே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதேன்னு இருக்கும். ராஜா மாதிரி இருக்கும். சொன்னா அது போயிடுமே. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

பாவமாகவும் இருந்தது, அந்தப் பாவத்தின் கழுத்தை நெரிக்க வேண்டும்போலவும் இருந்தது. இந்த மனுஷனுக்கு ராஜா ஆக வேண்டியிருந்தது, சரி. அதற்குக் குடிமக்கள் யார்? நானும், பால்மணம் மாறாத ஒரு பிள்ளையும். பார்த்திருக்கிறார். தூங்கவில்லை, கதவிடுக்கில் பார்த்திருக்கிறார். கேட்காத காதுக்காக வாயைப் பொத்திக்கொண்டு போன பிள்ளையை வேடிக்கை பார்த்திருக்கிறார். ஒரு நாள் கதவைத் திறந்து, "நல்லாக் கத்தி விளையாடும்மா, அப்பாவுக்குக் கேக்காது" என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை.

"பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றார். "அப்புறம் அவ எங்கிட்ட பேசவே மாட்டா."

"இப்ப மட்டும் பேசிக் கிழிக்கிறாளாக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னேன், அவருக்குத் தெரிந்திருக்காது.

சொல்வதா வேண்டாமா என்பதுதான் அதற்கப்புறம் என் ராப்பகல் யோசனை. சொன்னால் அவளுக்கு என்ன கிடைக்கும்? போன குரல் வருமா, போன பள்ளிக்கூடம் வருமா? அப்பா மேல் வெறுப்புதான் வரும். சொல்லாவிட்டால் அவள் பாட்டுக்கு இன்னும் மருந்துப் பெட்டிகளிடம் கிசுகிசுத்துக்கொண்டு இருப்பாள், தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு. தினமும் போன் வந்தது. தினமும், "அப்பா தூங்குறாரா?" என்றாள். தினமும், "ஆமா, தூங்குறாரு" என்று நானும் கிசுகிசுத்தேன். அவருக்குக் கேட்காது என்று தெரிந்த பிறகும் கிசுகிசுத்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உண்மை தெரிந்த மறுநாள் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, வேண்டுமென்றே ஹாலுக்கு வந்து உட்கார்ந்தேன். இன்றைக்கு அடிக்கட்டும், தொண்டை கிழிய அடிக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சீறல் கிளம்பியது. அடுத்த நொடி என் கால் ஓடியது, கை அடுப்பைத் திருகியது. நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாக நடந்தது. அடுப்படியில் நின்று அழுதேன். அதுவும் சத்தம் வராமல்தான் வந்தது.

காதுக் கருவி வந்தது. இரண்டு காதிலும் மாட்டிவிட்டு, பகலில் விழித்திருந்து பழகச் சொன்னாள் டாக்டர். மாட்டிய முதல் நாளே அவர் பயந்துவிட்டார். காகிதம் மடங்கினால் திடுக்கிட்டார். ஃபேன் இவ்வளவு சத்தமா போடும் என்று அண்ணாந்து பார்த்தார். எல்லாவற்றையும்விட, அவர் குரலே அவருக்கு இடி மாதிரி கேட்டதாம். அதனால் தாழ்த்தித் தாழ்த்திக் கடைசியில் கிசுகிசுக்கவே தொடங்கிவிட்டார். ஒரே வீட்டில் இரண்டு கிழங்கள், ஒருவருக்கொருவர் ரகசியம் பேசுகிறாற்போல. டெய்லரம்மா பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

போன வாரம், மதியம். அவர் கருவியோடு மேஜையில் உட்கார்ந்திருந்தார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

"அம்மா... அப்பா தூங்குறாரா?"

அவர் காதில் கையை வைத்துக்கொண்டு போன் பக்கம் குனிந்தார். நான் எதுவும் சொல்வதற்குள் அவளே பேசிக்கொண்டு போனாள். கிடங்கில் குளிராம், மேலே ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாளாம். புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு வேலை சொல்லிக்கொடுக்கச் சொன்னார்களாம். அந்தப் பெண், "நீங்க சொல்றது எனக்குக் கேக்கலையே" என்றாளாம், அதனால் வேறொருவரை அனுப்பிவிட்டார்களாம். சிரித்தாள். அவள் சிரிப்பு மூச்சு விடுகிற மாதிரிதான் இருக்கும்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். கருவியைத் திருகினார். இன்னும் குனிந்தார். பிறகு சலிப்போடு நிமிர்ந்து, என் பக்கம் சாய்ந்து, போனுக்குக் கேட்காத குரலில் கிசுகிசுத்தார்.

"என்ன இவ, வாய்க்குள்ளயே முனகுறா? ஒண்ணும் விளங்கல. மனுஷங்க மாதிரி வாயைத் திறந்து பேசச் சொல்லு."

கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்தேனா எறிந்தேனா, நினைவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது. அது வருவது எனக்குத் தெரிந்தது, சீறல் மாதிரி. இந்தத் தடவை கை போகவில்லை.

"உங்களாலதான்யா!" என்று கத்தினேன். "உங்களாலதான்! எப்படிய்யா திறப்பா? எப்படித் திறப்பா?"

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். பக்கத்து வீட்டில் கடகடத்துக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. ஜன்னலுக்கு வெளியே தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார். எனக்கு மூச்சு வாங்கியது. மேஜையில் போன் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதிலிருந்து என் மகள் பேசினாள், பதறிப்போய், யாரிடம் கத்துகிறேன் என்றுகூடக் கேட்காமல், வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிற மாதிரி.

"அம்மா, என்னம்மா இது... மெதுவா. அப்பா எழுந்துடப் போறாரு."